பம்பரம் இளைத்த கதை

மதுரை,
ஞாயிறு மத்தியானம், கரண்ட் போன நேரம்

அன்புச் சுண்டெலிக்கு,

நீ வாட்ஸப்பில் கேட்டது ஒன்றரை வரி. "பம்பரம் ஏதோ மாத்திரை போட்டு இளைச்சிட்டாளாமே, பேரைக் கேட்டு அனுப்பு, நானும் வாங்கிப் போடுதேன்." நம் கூட்டாளி மகளின் கல்யாண வீட்டுப் போட்டோ பூனா வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. இதற்கு ஒன்றரை வரியில் பதில் சொல்ல என்னால் ஆகாது. கட்டைவிரலால் தட்டினால் எனக்குக் கோர்வையே வராது, அதனால்தான் காகிதம். கல்யாணத்துக்கு வராமல் டிமிக்கி கொடுத்ததற்குத் தண்டனையாக முழுசும் படி.

முதலில் கல்யாணக் கதை. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் இரண்டு மண்டபம் எதிரும் புதிருமாக இருக்கிறதில்லையா? நம்ம பம்பரம் நேரே எதிர் மண்டபத்துக்குள் போய்விட்டாள். பன்னீர் தெளித்தார்கள், கல்கண்டு எடுத்துக்கொண்டாள். பந்தியில் உட்கார்ந்து இட்லி, வடை, கேசரி இரண்டு தடவை. அப்புறம் மொய் எழுதுகிறவரிடம் ஆயிரத்து ஒன்று கொடுத்து, ஊர் பேரெல்லாம் தெளிவாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். மேடைக்குப் போய்ப் பெண்ணின் அம்மாவைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டின பிறகுதான் அது நம்ம கூட்டாளி இல்லை என்று தெரிந்திருக்கிறது! மூச்சு வாங்க இங்கே ஓடி வந்து, தாலி கட்டுகிற நேரத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இதைச் சொல்லிவிட்டாள். நாதஸ்வரக்காரரே வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். மொய்யைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே என்றேன். "ரெண்டு கேசரி சாப்பிட்டிருக்கேன்ட்டி, எந்த மூஞ்சியோட போய்க் கேப்பேன்?"

ஆள் அதே ஆள்தான். ஆனால் உடம்பு நிஜமாகவே இறங்கியிருக்கிறது. நூற்றெட்டு கிலோ இருந்தவள் இப்போது தொண்ணூற்று நான்கு. பதினாலு மாதத்தில். போட்டோவில் பார்த்துவிட்டு நீ நினைக்கிற மாதிரி மெலிந்த தேகமெல்லாம் இல்லை. மாடிப்படியை நின்று மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். அவளுக்கு அது போதும், எனக்கும் போதும்.

இரண்டாம் பந்தி முடிந்து, எச்சில் இலை எடுக்கிறவர்கள் எங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியில் சொல்லாதே என்று சொல்லவில்லை. "சுண்டெலிகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா பாதியில வேற எங்கயாவது போயிருவேன்" என்றாள்.

பம்பரம் என்று அவளுக்குப் பேர் வைத்தவள் நீ என்பது ஞாபகம் இருக்கிறதா? முதல் வருஷம், ஸ்டடி ஹவரில் எல்லாரும் தலையைக் குனிந்து படிக்க, அவள் மட்டும் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நீ ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "பம்பரம்" என்றாய். ராத்திரி மணி அடிப்பதற்குள் ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிட்டது. ஒரே பேரில் இரண்டு சேதி வைத்திருந்தாய்: ஓர் இடத்தில் நிற்க மாட்டாள்; நடுவில் பருத்திருப்பாள். ஆஸ்பத்திரிகளில் இந்த இரண்டுக்கும் வெகுகாலம் வேறு வேறு வாசல். நிலை கொள்ளாததற்கு மனநலப் பிரிவு. பருமனுக்குச் சர்க்கரை டாக்டரும் என் மாதிரி டயட்டீஷியனும். நீ பத்தொன்பது வயசில் இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டாய். ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், நாம் செய்தது கேலி.

காலை டிபனுக்கு அவள் வருவதே இல்லை. மெஸ் டோக்கனைத் தொலைத்திருப்பாள், இல்லாவிட்டால் மணியையே மறந்திருப்பாள். மத்தியானமும் அரைகுறை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கை தேடும். உன் அம்மா தீபாவளிக்கு அனுப்பிய அதிரசம் ஒரே ராத்திரியில் காலியானதற்கு நீ ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "தீனிப்பண்டாரம்" என்று ஒரு பட்டமும் கொடுத்தோம். அதற்கு நானும் உடந்தை.

என் பங்கு அதோடு நின்றிருந்தால் தேவலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலியோடு என் க்ளினிக்குக்கே வந்தாள். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எடை பார்த்தேன், நூற்றிரண்டு. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், தயிர்சாதம் சாப்பிடுவதற்கும் டைம்டேபிள் போட்டவள். ஆறரைக்கு இது, எட்டுக்கு இது, பதினொன்றுக்கு மோர், சோறு தராசில் வைத்து இவ்வளவு, சாப்பிட்டதெல்லாம் நோட்டில் எழுது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வா. அழகாக சார்ட் அடித்துக் கொடுத்தேன். தொலைத்தாள். இன்னொன்று கொடுத்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவதை லேமினேட் செய்து கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னால் புதன்கிழமை வருவாள், வந்து செவ்வாய் என்று சாதிப்பாள். நான்காவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு இளைக்கணும்னு மனசே இல்லை" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அப்புறம் வரவில்லை.

இருபது வருஷமாகத் தொழில் பார்க்கிறேன் சுண்டெலி. திட்டம் போடு, அளந்து சாப்பிடு, எழுதி வை, நேரத்துக்கு வா: நான் கொடுக்கிற வைத்தியமே இந்த நான்கும்தான். இந்த நான்கும் எவளுக்கு வராதோ அவளிடம் இதையே மருந்தாகக் கொடுத்து, மருந்து இறங்கவில்லை என்று அவளையே திட்டியிருக்கிறேன். மண்டபத்தில் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது இது என் மண்டையில் உறைத்தது. பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நூற்றெட்டைத் தொட்டதும் வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். கத்தி வைப்பதற்கு முன்னால் மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அந்த அம்மா இவளிடம் சாப்பாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம்தான் கேட்டாராம். இவள் பதிலுக்கு நடுவே மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டி, காலண்டரைத் திருப்பி, ஃபேன் சத்தம் போடுகிறதே என்று எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகியிருக்கிறாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, "சின்ன வயசில எப்படி இருந்தீங்க? உங்களை வளர்த்தவங்க யாராவது வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வந்தது யார் தெரியுமா, நாம் பெரியம்மா என்று கூப்பிடுகிற அவள் அம்மா! எழுபத்தெட்டு வயசு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாளாம். ஒரே வருஷத்தில் எத்தனை சிலேட்டு தொலைத்தாள், எத்தனை குடை. வகுப்பில் உட்கார மாட்டாள் என்று டீச்சர் வீட்டுக்கே வந்தது. கறிவேப்பிலை வாங்க அனுப்பினால் நாய்க்குட்டியோடு வந்தது. கணக்கு நோட்டில் முதல் மூன்று கணக்கு சரி, மீதி வெறும் கோடு. நாற்பது வருஷமாக அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மெருகேறின புகார்ப் பட்டியல். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தாராம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013 பதிப்பிலிருந்து, அவர் மனசில் வைத்திருந்த கோளாறுக்கு ஒரு விதி உண்டு: அறிகுறிகளில் சிலவாவது பன்னிரண்டு வயசுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம், வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். பெரியம்மா அத்தனைக்கும் சாட்சி சொல்லிவிட்டாள். கடைசியில், "இவ வயித்துல இருக்கும்போது நான் குண்டா இருந்தேன் தாயி, அதனாலயா?" என்று அழுதாளாம்.

ஏடிஹெச்டி. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள்; சொல்லி முடிப்பதற்குள் பம்பரத்துக்குக் கவனம் போய்விடும். நாற்பத்தாறு வயசில் தெரிந்திருக்கிறது. ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நின்று அரை மணி நேரம் அழுதாளாம். பாதி துக்கம், பாதி சாவி கிடைக்காததால்.

பெரியம்மா கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பழியும் கடைசியில் அம்மா தலையில்தான் வந்து விடிகிறது. சுவீடனில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு லட்சத்து எழுபதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்தார்கள். பருமனான தாய்க்குப் பிறந்தவர்களுக்கு ஏடிஹெச்டி கூடுதல் என்றுதான் முதல் கணக்கில் வந்தது. அப்புறம் ஒரே தாய் வெவ்வேறு எடையில் இருந்தபோது பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதாவது அம்மாவின் எடை குற்றவாளி இல்லை, குடும்பத்தில் ஓடுகிற வேறு எதுவோ இரண்டையும் சேர்த்துக் கொண்டு வருகிறது. 2019-இல் இருபதாயிரம் ஏடிஹெச்டிக்காரர்களின் மரபணுவைச் சோதித்த ஆய்விலும், இந்தக் கோளாறின் மரபணுச் சாயல்களில் ஒரு பங்கு உடல் பருமனோடும் பொதுவாக இருப்பது தெரிந்தது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்பம் அவ அப்பன் வழிதான்" என்று உடனே தீர்ப்பெழுதிவிட்டாள்.

துறுதுறுவென்று ஓடுகிறவள் எப்படியடி குண்டாவாள் என்று நீ கேட்பாய். எனக்கும் அதே குழப்பம்தான். பதிலின் நுனி ஒரு பழைய கதைப்புத்தகத்தில் இருக்கிறது. ஃப்ராங்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹோஃப்மான் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1840-களில் தன் மகனுக்காகப் படம் போட்டு ஒரு கதைப்புத்தகம் எழுதினார். அதில் நிலைகொள்ளாத பிலிப் என்று ஒரு பையன் வருவான். ஏடிஹெச்டி பற்றி எழுதுகிற பலரும் அவனைத்தான் முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். அவன் எங்கே உட்கார்ந்து ஆடுகிறான் தெரியுமா? சாப்பாட்டு மேஜையில்! நாற்காலியை ஆட்டி ஆட்டி, விழும்போது மேஜைத்துணியைப் பிடித்து இழுத்து, ரொட்டி, சூப்பு எல்லாம் தரையில். பம்பரமும் முதலில் தோற்றது சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான்.

வராண்டாவில் நடக்கிற நடை எத்தனை கலோரியை எரித்துவிடும்? எரிகிறது கொஞ்சம், உள்ளே போகிறது கூட. போகிற வழிதான் விசித்திரம். அவளுக்குப் பசி சத்தமில்லாமல் வரும். வேறு எதிலாவது மூழ்கியிருந்தால் காதில் விழாது. மத்தியானம் இரண்டு, மூன்று, நான்கு மணி. திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வரும்போது பத்து ஆள் பசி. அப்போது குழம்பு கொதிக்கிற வரை பொறுக்க ஆகாது. கைக்கு எட்டுவது மிக்சர், பிஸ்கட், பேக்கரி பஃப்ஸ், இப்போதெல்லாம் போனில் இரண்டு தட்டு தட்டினால் வாசலுக்கு வருகிற பரோட்டா. சாப்பிடும்போது கண் போனில், மனசு ஆபீஸில். வயிறு நிறைந்தது என்கிற சேதியும் காதில் விழாது. சமைப்பதையே எடுத்துக்கொள்: காய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பருப்பு ஊற வைக்க வேண்டும், அடுப்பை மறக்கக் கூடாது. நமக்கு அது கைப்பழக்கம். அவளுக்கு தினமும் ஒரு கல்யாணம் நடத்துகிற வேலை. பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனையிலேயே அவள் இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

இதில் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஏடிஹெச்டி உள்ளவர்களில் பலருக்கு உடம்புக் கடிகாரமே பிந்தி ஓடும். ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் சுறுசுறுப்பு, காலையில் எழுந்திருக்க முடியாது, டிபன் போச்சு. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது என் தொழிலில் பழைய பாடம். ஹாஸ்டல் டப்பா திருட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஏன் நடந்தது என்று இப்போது புரிகிறதா?

மூளைக்குள் பார்த்தவர்களும் உண்டு. நோரா வோல்கோ என்ற விஞ்ஞானியின் குழு 2001-இல் நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ரொம்பப் பருமனான பத்துப் பேரின் மூளையைப் படம் பிடித்தது. இன்பம், வெகுமதி, ஊக்கம் எல்லாவற்றுக்கும் தூது போகிற டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அவர்களுக்குக் குறைவாகத் தெரிந்தன. 2009-இல் அதே வோல்கோவின் குழு, மருந்தே எடுத்திராத ஏடிஹெச்டிக்காரர்களைப் பார்த்தபோது அங்கேயும் அதே பாதையில் அதே மாதிரிக் குறை. நான் இதை வைத்துக் கோட்டை கட்ட மாட்டேன். முதலாவதில் இருந்தது பத்தே பேர். ஆனாலும் பம்பரம் சொன்ன ஒரு விஷயத்தோடு ஒத்துப்போகிறது. "சும்மா இருந்தா எனக்கு உள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும்ட்டி. வாயில எதையாச்சும் போட்டா அஞ்சு நிமிஷம் அடங்கும்." பசிக்காகச் சாப்பிட்டவள் இல்லை அவள், அடங்குவதற்காகச் சாப்பிட்டிருக்கிறாள். நாம் தீனிப்பண்டாரம் என்றோம்.

கல்யாணத்துக்கு அப்புறம் மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். என் வீட்டுக்காரர் "பரீட்சையா?" என்று கேட்டார். 2016-இல் சாமுவேல் கோர்டேசே என்பவரும் கூட்டாளிகளும் 42 ஆய்வுகளைச் சேர்த்து, ஏழு லட்சம் பேருக்கு மேல் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் 28 சதவீதம் பருமன், இல்லாதவர்களில் 16. பிள்ளைகளில் 10, 7. இடைவெளி சின்ன வயசில் கொஞ்சமாக இருந்து போகப் போக விரிகிறது, பார். நியூயார்க்கில் எட்டு வயசுப் பையன்களாக இருந்தவர்களை 33 வருஷம் கழித்து, நாற்பத்தொரு வயசு ஆண்களாகத் தேடிப் பிடித்து எடை பார்த்திருக்கிறார்கள்: சின்ன வயசில் ஏடிஹெச்டி இருந்தவர்களில் 41 சதவீதம் பருமன், மற்றவர்களில் 22. எல்லாரும் குண்டாகிவிடுவதில்லை, பாதிக்கு மேல் ஆகவில்லை. அதேபோல் குண்டாக இருக்கிறவர்களுக்கெல்லாம் இது இருக்கிறது என்றும் கிளம்பிவிடாதே.

என்னைச் சுட்டது இன்னொரு கட்டுரை, 2002-இல் அமெரிக்காவில் எடை குறைப்பு க்ளினிக் நடத்திய ஒரு டாக்டர் எழுதியது. தன்னிடம் வந்த 215 பேரின் பழைய ஃபைல்களைப் புரட்டினால், கால்வாசிக்கு மேல் ஏடிஹெச்டி. ரொம்பப் பருமனானவர்களில் பத்துக்கு நான்கு. அவர்கள் க்ளினிக்குக்கு வந்த தடவைகள் மற்றவர்களை விட அதிகம், இறங்கிய எடை குறைவு. அதிகமாக வந்திருக்கிறார்கள் சுண்டெலி. மனசில்லாதவர்கள் வருவார்களா? என் அலமாரியில் "அலட்சியம்" என்று பென்சிலில் குறித்து வைத்த ஃபைல்கள் ஒரு கட்டு இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் வைத்து அழித்தேன். பென்சில் அச்சு போகவில்லை.

இதோ கரண்ட் வந்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே காகிதம் பறக்கிறது, தம்ளரை மேலே வைத்து எழுதுகிறேன்.

இப்போது நீ கேட்ட மாத்திரை. பேர் மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி ரசாயனவாதி லியான்ட்ரோ பனிஸோன் முதன்முதலாகச் செய்தது. அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம் குறைவு, டென்னிஸ் ஆடப் போகும்முன் ஒன்று போட்டுக்கொள்வாளாம். அவள் செல்லப் பேர் ரீட்டா, அதிலிருந்துதான் ரிட்டாலின் என்று மாத்திரைக்குப் பேர். நம்மூரில் ஒருத்தராவது மனைவி பேரில் மாத்திரை செய்திருக்கிறாரா சொல்! அதற்கும் முன்னால் 1937-இல், அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சார்ல்ஸ் பிராட்லி என்ற டாக்டர், பென்ஸெட்ரின் என்ற ஆம்ஃபெட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலிக்காகக் கொடுத்தது, தலைவலிக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளில் பாதிப் பேர் திடீரென்று உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்றார்கள்.

இதில்தான் உனக்கான எச்சரிக்கை இருக்கிறது. அதே ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைப் பிற்பாடு இளைப்பதற்கான மாத்திரையாக அமெரிக்காவில் இஷ்டத்துக்கு விற்றார்கள். பசி அடங்கும், உடம்பு இறங்கும். கூடவே படபடப்பு, தூக்கமின்மை, விட முடியாத பழக்கம். அந்தக் கூத்தினால்தான் இன்றைக்கும் இந்த வகை மருந்துகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. அதே குடும்பத்தில் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற ஒன்றுக்கு, அடக்க முடியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடும் நோய்க்காக 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோதும், எடை குறைக்க இதை எழுதக் கூடாது என்று சேர்த்தே எழுதினார்கள். உனக்கு ஏடிஹெச்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்று மாதம் முன்பே டிக்கெட் போட்டு, துவரம்பருப்பு டப்பாவில் தேதி எழுதி ஒட்டுகிறவள் நீ. எழுபத்து நான்கு கிலோவுக்குக் காரணம் உன் மாமியார் செய்கிற ஷ்ரீகண்ட். மெத்தில்ஃபெனிடேட்டைச் சீட்டு இல்லாமல் எவனாவது கொடுத்தால் அந்தக் கடை வாசலையே மிதிக்காதே.

பம்பரத்துக்கு அது என்ன செய்தது என்று கேட்டால், பசி கொஞ்சம் மட்டுப்பட்டது உண்மை. ஆனால் அவள் சொன்னது வேறு. "தட்டு முன்னால உக்காந்து சாப்பிட்டு முடிச்சேன்ட்டி. நடுவுல எந்திரிக்கல. வயிறு போதும்னு சொன்னது கேட்டுச்சு. இவ்வளவு நாளா அது சொல்லிட்டுதான் இருந்துச்சா?" ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். மாதாமாதம் ரத்த அழுத்தம், நாடி பார்க்கிறார்கள். சாயங்காலம் மருந்து இறங்கும்போது எரிச்சல் வருகிறது என்கிறாள். அவள் வீட்டுக்காரர் அந்த நேரத்துக்கு வாக்கிங் போய்விடுகிறார்.

கனடாவில் டொரான்டோவில் பருமனானவர்களுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 2009-இல் எழுதியிருக்கிறார்கள். எந்த வைத்தியத்துக்கும் மசியாத 242 பருமன்காரர்களில் 78 பேருக்கு ஏடிஹெச்டி இருந்தது. அதில் 65 பேர் மருந்து எடுத்தார்கள், 13 பேர் எடுக்கவில்லை அல்லது நிறுத்திவிட்டார்கள். சுமார் ஒன்றேகால் வருஷம் கழித்து, எடுத்தவர்கள் சராசரியாக 12 சதவீதம் இறங்கியிருந்தார்கள். எடுக்காதவர்கள் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட முடிந்தவர்கள் மற்றதையும் தொடர்ந்து செய்யக்கூடியவர்களாகவே இருந்திருக்கலாம். கோர்டேசே கணக்கிலும் மருந்து எடுப்பவர்களிடம் பருமன் கூடுதலாக இல்லை. அதுவும் மருந்தாலா, மருந்து எடுக்கிற ஆட்களாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் தலைகீழ்த் தொல்லை. எதிர் வீட்டு ஏழு வயசுப் பையன் மருந்து ஆரம்பித்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது என்று அவன் அம்மா என்னிடம் புலம்புகிறாள். எடையும் உயரமும் பிந்துகிறதா என்று டாக்டர் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சொன்னது, மாத்திரைக்கு முன்னால் காலையில் நெய் ஊற்றி வயிறாரக் கொடு, மருந்து இறங்கின பிறகு ராத்திரி இன்னொரு சாப்பாடு, நடுவில் கெஞ்சாதே. கோயம்புத்தூரில் 2013 வாக்கில் 770 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இந்தக் கோளாறு இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். உலகக் கணக்கை விட இது ரொம்பக் கூட, எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். பாதியாக வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பம்பரம் உண்டு.

க்ளினிக்கில் நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். தொலைக்கிற கட்சிக்காரர்களுக்கு சார்ட்டே கிடையாது. ஒரே ஒரு வரி, ஃப்ரிட்ஜ் கதவில்: "பத்து மணிக்குள்ளே எதையாவது சாப்பிடு." போனில் மூன்று அலாரம் நானே வைத்துக் கொடுக்கிறேன். பழமும் சுண்டலும் கண்ணாடி டப்பாவில் கண் எதிரே, மிக்சர் பரணில். அவர்களுக்குக் கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லை. வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏடிஹெச்டிக்கான ஆறு கேள்விச் சீட்டு ஒன்று மேஜையில் இருக்கிறது. அது நோயைத் தீர்மானிக்காது, டாக்டரிடம் அனுப்பலாமா என்று மட்டும் சொல்லும். அதற்கு முன்னால் தைராய்டும் குறட்டையும் கேட்டுவிடுகிறேன். பருமனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்குப் பகலில் கவனம் எங்கே நிற்கும்? அங்கே கயிறு மறுபக்கத்திலிருந்து இழுக்கிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு என் அசிஸ்டன்ட் பெண், "மேடம், நீங்க எப்ப இவ்வளவு நல்லவங்களா மாறினீங்க?" என்கிறாள். அவளுக்குச் சம்பள உயர்வு இந்த வருஷம் இல்லை.

பம்பரத்திடம் மன்னிப்பும் கேட்டேன். கை கழுவுகிற இடத்தில் வைத்து, "மனசில்லைன்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தேன். "அப்படியா சொன்னே? எப்போ?" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காக மறந்த மாதிரி நடித்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "பம்பரம்னு இனிமே கூப்பிட மாட்டோம்" என்றேன். "அப்பம் வேற என்ன சொல்லிக் கூப்பிடுவீக? என் சொந்தப் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நொடி தடுமாறித்தான் வந்தது. உனக்கு?

அவள் பூனாவுக்கு வருகிறாள். உன் அதிரசக் கடனை அடைக்கப் போகிறாளாம், பெரியம்மா கையால் சுட்டது இரண்டு டப்பா. நாகர்கோவில்–மும்பை ரயிலில் டிக்கெட் நான்தான் போட்டேன், அவளை நம்பவில்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி இங்கே ஏறுகிறாள். ஏறினதும் போன் செய்கிறேன். நீ பதிமூன்றாம் தேதி ஸ்டேஷனுக்குப் போ. இறங்காவிட்டால் பதறாதே, அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள், திரும்பி வருவாள். அதிரசம் ரயிலிலேயே மிஞ்சுமா என்பதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்லை.

உன்,
தயிர்சாதம்